பழைய வண்டியில் பெட்ரோல் முள் தவறாகக் காட்டுகிறதா? டாங்கைத் திறக்கும் முன் செய்ய வேண்டியவை

பெட்ரோல் முள் வேலை செய்யவில்லை என்றதும் கடைக்குப் போய்ப் புது டாங்க் யூனிட் (டாங்குக்குள் மிதவையோடு இருந்து மட்டத்தை அளக்கும் பாகம்) வாங்கிவிடாதீர்கள். முள் எழாமல் கிடப்பதற்கும், எந்நேரமும் ஃபுல் காட்டுவதற்கும், திடீர் திடீரென்று விழுவதற்கும் காரணம் பல வண்டிகளில் டாங்குக்கு வெளியேதான் இருக்கும்: துருப்பிடித்த எர்த் திருகு, தளர்ந்த கனெக்டர், எலி கடித்த வயர். டாங்கைத் திறப்பது கடைசி வேலை. அதற்கு முந்தைய சோதனைகளுக்கு ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் வயரும் போதும்.

இங்கே சொல்வது கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டிகளுக்கு. கார்பரேட்டர் வைத்த மாருதி 800, அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, மஹிந்திரா ஜீப், பழைய டீசல் வேன் எல்லாம் இதில் அடங்கும். டீசல் வண்டிக்காரர்கள் இதை இன்னும் கவனமாகச் செய்வது நல்லது. முள்ளை நம்பி டாங்க் காலியாகி நின்றுவிட்டால், டீசல் ஊற்றினால் மட்டும் வண்டி கிளம்பாது; லைனில் ஏறிய காற்றையும் எடுக்க வேண்டியிருக்கும்.

கரண்ட் போகும் வழி

டாங்குக்குள் ஒரு கம்பிக் கையின் நுனியில் மிதவை இருக்கிறது. கையின் மறுமுனையில் ஒரு தொடுநாக்கு. அது மெல்லிய தடைக்கம்பி சுற்றிய பட்டையின் மேல் உரசி நகர்கிறது. மட்டம் ஏற இறங்க, யூனிட்டின் தடை மாறுகிறது. சாவி போட்டதும் கரண்ட் ஃபியூஸ் வழியாக டேஷ்போர்டு மீட்டருக்கு வருகிறது. அங்கிருந்து ஒற்றை வயரில் பின்னால் போய், டாங்க் யூனிட்டைக் கடந்து, பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிறது; பாடி வழியான இந்தத் திரும்பும் பாதைதான் எர்த். ஃபியூஸ், மீட்டர், வயர், யூனிட், எர்த் என்ற இந்த ஐந்துக்குள்தான் கோளாறு இருக்க முடியும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: உங்கள் வண்டியில் ஃபுல் என்றால் ஓம் (யூனிட்டின் தடை அளவு) குறையுமா, கூடுமா? டொயோட்டா, சுஸுகி போன்ற ஜப்பானிய வழி வண்டிகளில் காலி டாங்குக்கு ஏறத்தாழ 110 ஓம், ஃபுல்லுக்கு 3 ஓம் அளவில் இருக்கும். ஜீப் சிஜே வகையில் காலிக்கு 73, ஃபுல்லுக்கு 10. இவை இரண்டிலும் ஓம் குறையக் குறைய முள் ஏறும். பழைய ஜெனரல் மோட்டார்ஸ் அமைப்பில் காலிக்கு 0, ஃபுல்லுக்கு 90. விடிஓ மீட்டர்களில் காலிக்கு 10, ஃபுல்லுக்கு 180. இங்கே எல்லாம் தலைகீழ். வண்டி எந்த வகை என்று தெரியாவிட்டால் டாங்க் யூனிட்டின் வயரைக் கழற்றிவிட்டுச் சாவி போடுங்கள். மீட்டர் நன்றாக இருந்து, முள் காலியில் நின்றால் முதல் வகை. ஃபுல்லைத் தாண்டிப் போனால் இரண்டாம் வகை. கீழே சொல்வது நம் ஊரில் அதிகம் காணும் முதல் வகைக்கு. இரண்டாம் வகையானால் ஃபுல், காலி இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

மீட்டரிலும் இரண்டு வகை உண்டு. சாவி போட்டதும் முள் மெதுவாக, பல நொடி எடுத்து ஏறினால் அது சூடாகி வளையும் ஈருலோகப் பட்டை வைத்த மீட்டர். சட்டென்று எழுந்தால் சுருள் வகை. முதல் வகை மீட்டர்கள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

பாதுகாப்பு

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, தூரத்தில் இருக்கும் நெருப்பையும் தேடிப் போகும். அதனால் மூடிய ஷெட்டிலும், சர்வீஸ் பள்ளத்திலும் இந்த வேலை வேண்டாம். திறந்த வெளியில் செய்யுங்கள். பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு, வெல்டிங் எதுவும் அருகில் கூடாது. உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். டாங்கைத் திறக்கும் கட்டம் வந்தால் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நுரையீரலுக்குள் கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து, கைப்பம்ப் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணால் பார்க்க வேண்டியது

சாவி போட்டு மற்றவற்றைப் பாருங்கள். டெம்பரேச்சர் முள், இண்டிகேட்டர், வைப்பர் இவற்றில் எதாவது சேர்ந்து நின்றிருந்தால் ஃபியூஸ்தான். பழைய கண்ணாடி அல்லது பீங்கான் ஃபியூஸ் பார்க்க நன்றாக இருந்தாலும் இரு முனையிலும் பச்சை பூத்திருக்கும். எடுத்துத் துடைத்து, கிளிப்பை இறுக்கிப் போடுங்கள்.

பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒரே நேரத்தில் ஏறுமாறாகக் காட்டினால் டாங்க் பக்கமே போக வேண்டாம், ஸ்டெபிலைசரைச் சந்தேகியுங்கள். ஹெட்லைட்டோ பிரேக் லைட்டோ போட்டதும் முள் இறங்கினால் அது எர்த் கோளாறு: பின்பக்க விளக்குகளும் டாங்க் யூனிட்டும் ஒரே கெட்ட எர்த்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் மட்டும் முள் செத்துப்போய், பிறகு மீண்டும் வேலை செய்தால் தடைப்பட்டை அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது. பாதி டாங்குக்குக் கீழேதான் இது அதிகம் நடக்கும். நம்மில் பலர் நூறு, இருநூறு ரூபாய்க்குப் போட்டு ஓட்டுவதால் தொடுநாக்கு அந்தப் பகுதியிலேயே உரசிக்கொண்டிருக்கிறது.

வளைவில் முள் கொஞ்சம் ஆடுவதும், ஃபுல்லிலிருந்து பாதிக்கு வர நெடுநேரம் எடுத்துப் பாதியிலிருந்து வேகமாக இறங்குவதும் கோளாறு அல்ல. டாங்க் அடியில் குறுகலாக இருந்தால் அப்படித்தான் இறங்கும்.

மின்சுற்றை இரண்டாகப் பிரித்தல்

இந்த ஒரு சோதனையைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. டாங்க் யூனிட்டின் வயரைக் கண்டுபிடியுங்கள். சில கார்களில் பின் சீட்டுக்கு அடியில் அல்லது டிக்கி விரிப்புக்குக் கீழே ஒரு தகட்டு மூடி இருக்கும். மஹிந்திராவின் பழைய சிஜே ஜீப்பில் டாங்க் ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் யூனிட் கைக்கு எட்டும். சில வண்டிகளில் டாங்கை இறக்கினால்தான் யூனிட்டைத் தொட முடியும். அப்போது வயரிங்கைப் பின்தொடர்ந்து டாங்குக்கு அருகில் உள்ள கனெக்டரைப் பிடித்துக்கொள்ளலாம்.

சாவியை அணைத்து வயரைக் கழற்றுங்கள். அதன் நுனியில் 2 மீட்டர் நீள வயரை மாட்டி, மறுமுனையில் 12 வோல்ட் 3.4 வாட் பல்ப் ஒன்றைக் கோர்த்துக்கொள்ளுங்கள். பல ஜப்பானிய சர்வீஸ் மேனுவல்கள் சொல்லும் அளவு இது. பார்க்கிங் லைட்டின் 5 வாட் பல்பும் உதவும். நீள வயர் எதற்கென்றால், தொடும்போது வரும் சிறு பொறி டாங்கிலிருந்து தள்ளி விழட்டும் என்பதற்காக. பல்ப் எதற்கென்றால், வயரை நேராக எர்த்தில் வைத்துப் பிடித்தால் ஈருலோக மீட்டரின் சூடேற்றும் கம்பி கருகக்கூடும்.

இப்போது சாவி போட்டு, பல்பின் மறுமுனையைப் பெயிண்ட் இல்லாத பாடி போல்ட்டில் தொடுங்கள். பல்ப் மங்கலாக எரியலாம், விட்டுவிட்டும் எரியலாம், கவலையில்லை. இன்னொருவரை முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். முள் ஃபுல் பக்கம் ஏறினால் ஃபியூஸ், மீட்டர், வயர் மூன்றும் நலம். கோளாறு யூனிட்டில் அல்லது அதன் எர்த்தில். ஏறவே இல்லை என்றால் யூனிட்டைத் தொடாதீர்கள், கோளாறு முன்பக்கம்.

முள் எப்போதும் ஃபுல்லிலேயே நிற்கிறதா? அப்படியானால் பல்ப் தேவையில்லை; வயரைக் கழற்றினால் மட்டும் போதும். முள் காலிக்கு இறங்கினால் யூனிட்டுக்குள் ஷார்ட். இறங்காவிட்டால் வயர் எங்கோ உரிந்து பாடியில் உரசுகிறது, அல்லது மீட்டர் சிக்கியிருக்கிறது.

எர்த்

அதிகம் ஏமாற்றுவது இதுதான். டாங்கை இறக்கி டிங்கர் வேலை பார்த்து, பெயிண்ட் அடித்து மாட்டிய பிறகு முள் நின்றுபோவது அடிக்கடி நடக்கும். டாங்க் ரப்பர்ப் பட்டை மேல் உட்கார்ந்திருக்கும். போல்ட் இடங்களில் பெயிண்ட் ஏறியிருக்கும். கரண்ட் திரும்ப வழி இருக்காது. யூனிட்டை மாற்றினாலும் இது தீராது.

சாவியை அணைத்து, யூனிட்டின் சிக்னல் வயரைக் கழற்றிய நிலையில் மல்டிமீட்டரை 200 ஓமில் வையுங்கள். முதலில் யூனிட்டின் முனைக்கும் அதன் தகட்டுக்கும் இடையே அளங்கள். பிறகு அதே முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே நீள வயர் போட்டு அளங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக வர வேண்டும். தகட்டில் 32 ஓமும் பேட்டரியில் 47 ஓமும் வந்தால், இடையில் உள்ள 15 ஓம் கெட்ட எர்த்தில் போகிறது; முள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டுவது அதனால்தான். மல்டிமீட்டரின் இரு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, வயர்களின் சொந்தத் தடையைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

சரிசெய்வது எளிது. 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இரு முனையிலும் வளைய லக் போட்டு, ஒன்றை யூனிட்டின் திருகிலும் மற்றதைச் சுரண்டிய பாடி போல்ட்டிலும் இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் அல்லது கிரீஸ் தடவினால் மழைத்தண்ணீர் ஏறாது. கடலோர ஊர் வண்டிகளில் உப்புக்காற்றுக்கு இந்த இணைப்பு சீக்கிரம் பூக்கும் என்பதால், முள் நன்றாக வேலை செய்யும் வண்டிக்கும் இந்தத் தனி எர்த்தைப் போட்டுவைக்கலாம்.

மல்டிமீட்டர் இன்னும் யூனிட்டின் முனையில் மாட்டியிருக்கும்போதே வண்டியின் பின்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்திக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் அலைபாயும்போது ஓம் ஏறி இறங்க வேண்டும். அசையாமல் ஒரே எண்ணில் நின்றால் கை சிக்கியிருக்கிறது, அல்லது மிதவை மூழ்கிவிட்டது. எண்ணே காட்டாவிட்டால் உள்ளே தொடர்பு அறுந்திருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றோ, முன்பு சொன்ன ஷார்ட்டோ தேய்மானமோ உறுதியானால்தான் டாங்கைத் திறக்க வேண்டும்.

யூனிட்டைக் கழற்றுதல்

டாங்கில் கால்வாசிக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கும்போது திறங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். யூனிட்டைச் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ் போட்டுத் துடைத்த பிறகே திருகைத் தொட வேண்டும். உள்ளே விழும் மணல் பிறகு ஃபில்டரில் போய் உட்காரும். யூனிட் எந்தத் திசையில் இருக்கிறது என்று மார்க்கரால் கோடு போடுங்கள். ஜீப் முதலியவற்றில் வரும் ஐந்து திருகுத் தகட்டில் துளைகள் சம இடைவெளியில் இல்லை. ஒரே ஒரு நிலையில்தான் பொருந்தும். பூட்டு வளையம் வைத்த வகையானால் இரும்பு உளி வேண்டாம். பித்தளைக் கம்பியோ மரக்கட்டையோ வைத்துத் தட்டுங்கள். மிதவைக் கை வளையாமல் சாய்த்து, திருப்பி வெளியே எடுங்கள். உடனே துளையைத் தகட்டால் மூடிவிட்டு, யூனிட்டை டாங்கிலிருந்து தூரமாகக் கொண்டுபோய்ச் சோதியுங்கள்.

கையைக் கீழிருந்து மேலே மிக மெதுவாக நகர்த்திக்கொண்டே ஓமைப் பாருங்கள். சீராக மாற வேண்டும். நடுவில் துள்ளினால் அந்த இடத்தில் அழுக்கு அல்லது தேய்மானம். பழைய முள் வகை மல்டிமீட்டர் கிடைத்தால் இதற்கு அதுவே மேல். எண் மீட்டர் நொடிப்பொழுது அறுந்து ஒட்டுவதைக் காட்டாமல் விட்டுவிடும்.

அழுக்கும் பிசினும்தான் காரணம் என்றால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, பென்சில் அழிப்பானால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. தலைமுடி அளவுள்ள தடைக்கம்பி அறுந்துவிடும். தொடுநாக்கு தளர்ந்திருந்தால் மூக்குப் பிளையரால் பட்டையை நோக்கிச் சிறிதே வளைக்கலாம். அதிகம் வளைத்தால் பட்டையை அரித்துவிடும். கம்பி அறுந்திருந்தால் சாலிடர் வைத்து ஒட்டிப்பார்ப்பதில் பயனில்லை, யூனிட்டை மாற்றுங்கள்.

பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் இருப்பது கேட்கும். ஓட்டை தெரியாவிட்டால் வெந்நீரில் முக்கினால் குமிழ் வரும் இடம் காட்டிக்கொடுக்கும். அந்த ஓட்டைக்குச் சாலிடர் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: உள்ளே மிஞ்சிய ஆவி சூடுபட்டு வெடிக்கும். மிதவை மட்டும் தனியாகக் கிடைத்தால் வாங்கி மாட்டுங்கள்.

மிகப் பழைய வண்டிகளில் கார்க் மிதவை இருக்கும். அதன் மேல் பூசியிருப்பது பெரும்பாலும் ஷெல்லாக். ஷெல்லாக் எத்தனாலில் கரையும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பூச்சு கரைந்ததும் கார்க் பெட்ரோலைக் குடித்து மூழ்கும். அப்படிப்பட்ட வண்டியில் கார்க்கை எடுத்துவிட்டு, பெட்ரோல் தாங்கும் நைட்ரைல் மிதவை போடுவதே சரி.

திரும்ப மாட்டும்போது பழைய பேக்கிங்கைப் பயன்படுத்தாதீர்கள். நைட்ரைல் ரப்பர் பேக்கிங் நல்லது. சாதாரண சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோலில் ஊறி, துண்டு துண்டாக உரிந்து டாங்குக்குள் விழும். திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரேயடியாக இறுக்கினால் தகடு வளைந்து கசியும்.

கோளாறு முன்பக்கம் என்றால்

வயரை முதலில் பாருங்கள். மீட்டர் முனைக்கும் டாங்க் முனைக்கும் இடையே 1 ஓமுக்கும் குறைவாக வர வேண்டும். அறுபடுவது பெரும்பாலும் கதவுப்படி தகட்டுக்கு அடியிலும், வண்டிக்கு அடியில் நனையும் கனெக்டரிலும். பின்னால் ஸ்டீரியோ, அலாரம் பொருத்திய வண்டியானால் அந்தக் கைவேலை நடந்த இடத்தைத் திறந்து பாருங்கள்.

டேஷ்போர்டைக் கழற்றும் முன், டாங்க் முனையில் யூனிட்டுக்குப் பதிலாக நிலையான ரெசிஸ்டர்களை வைத்து மீட்டரைச் சோதிக்கலாம். ஜப்பானிய வகைக்கு 3.3, 33, 120 ஓம், ஒவ்வொன்றும் 5 வாட். வயர் நுனிக்கும் எர்த்துக்கும் இடையே மாட்டி ஒரு நிமிடம் விடுங்கள். முறையே ஃபுல், பாதியை ஒட்டி, காலி என்று வந்தால் மீட்டர் நலம். மூன்றுக்கும் ஒரே மாதிரி நின்றால் மீட்டரைக் கழற்ற வேண்டியதுதான். அப்போதும் முதலில் பின்பக்க நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். பல மீட்டர்களில் கரண்டைக் கடத்துவதே அந்த நட்டுகள்தான்.

அம்பாசிடர் போன்ற பிரிட்டிஷ் வழி வண்டிகளில் ஸ்டெபிலைசர் இருந்தால், அது மீட்டர்களுக்குச் சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். விட்டுவிட்டுக் கரண்ட் தருவது அதன் இயல்பு என்பதால் மல்டிமீட்டரில் எண் துள்ளும். சோதனை பல்ப் கண்சிமிட்டினால் வேலை செய்கிறது என்று பொருள். சிமிட்டாமல் நேராக எரிந்தால் முழு பேட்டரி வோல்டேஜும் போகிறது. இரண்டு முள்ளும் மேலே ஏறிக் காட்டும். அதன் உடலுக்கு எர்த் இல்லாமல் போனாலும் இதேதான் நடக்கும் என்பதால் முதலில் பிடிப்புத் திருகைச் சுத்தம் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நிலையாக 10 வோல்ட் தரும் 7810 ரெகுலேட்டர் ஐசியை அந்த டப்பாவுக்குள்ளேயே வைத்துவிடலாம். அதன் உலோக முதுகு எர்த்தோடு சேர்ந்தது. டப்பாவோடு திருகினால் சூடும் இறங்கும். பேட்டரி நெகட்டிவைப் பாடியில் மாட்டிய, அதாவது நெகட்டிவ் எர்த் வண்டிக்கு மட்டும் இது பொருந்தும்.

வேறு வண்டியின் யூனிட்டைப் போட்டால்

சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடியும் அசல் யூனிட் கிடைக்காதபோது, தகடு பொருந்தினால் போதும் என்று வேறொன்றை மாட்டிவிடுகிறார்கள். கையின் நீளமும் ஓம் அளவும் ஒத்துவராததால் ஃபுல் டாங்குக்கும் முள் எங்கோ நிற்கும். வாங்கும் முன் கடையிலேயே இரு கோடியிலும் ஓமை அளந்து பாருங்கள். கையின் வீச்சு சரியாக இருந்து ஓம் மட்டும் மாறுபட்டால் ரெசிஸ்டர் போட்டுச் சமாளிக்கலாம். 73–10 ஓம் எதிர்பார்க்கும் ஜீப் மீட்டருக்கு 110–3 ஓம் யூனிட் கிடைத்ததென்றால், யூனிட்டுக்குப் பக்க இணைப்பில் 160 ஓமும், வரும் வயரில் தொடராக 6.8 ஓமும் வையுங்கள். காலியில் 72, ஃபுல்லில் 9.7 ஓம் வரும். பாதியில் முள் கொஞ்சம் குறைத்துக் காட்டும். அது பாதுகாப்பான பக்கம்தான்.

அளவு சரிபார்த்தல்

ஃபுல்லை விடக் காலியைத்தான் சரியாக வைக்க வேண்டும். டாங்கை முழுதும் வடித்துவிட்டு, சமதரையில் வண்டியை நிறுத்தி, 4 லிட்டர் அளந்து ஊற்றுங்கள். முள் காலிக் கோட்டுக்கு வரும்படி மிதவைக் கையைச் சிறிது சிறிதாக வளையுங்கள். ஒவ்வொரு முறையும் யூனிட்டை வெளியே எடுத்து, தூரத்தில் வைத்து வளைக்க வேண்டும். பிறகு 4 லிட்டர் 4 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் விட்டு, முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாருதி 800 என்றால் 28 லிட்டர் டாங்க். ஏழு முறையில் முடிந்துவிடும். அந்தக் குறிப்பைக் கையுறைப் பெட்டியில் வையுங்கள்.

டாங்க் நிறைந்ததும் யூனிட்டைச் சுற்றி வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். வண்டியை ஓட்டிவிட்டு வந்து மறுநாள் காலையில் இன்னொரு முறையும் பாருங்கள். ஈரம் இருந்தால் திருகைக் கால் சுற்று இறுக்கலாம். அதற்குமேலும் கசிந்தால் பேக்கிங்கை மாற்றுங்கள். வாசனை முழுதும் போகும்வரை சீட்டையும் மூடியையும் திரும்பப் பொருத்தாதீர்கள்.